கிழங்குத் தண்ணீரும் நான்காம் இயலும்

மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசிக்கு மாவு எடுத்தபின் மிஞ்சுகிற தண்ணீர் எப்படி நாறும் என்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். முதல் நாள் புளித்த மாவின் வாடைதான் வரும், பொறுத்துக்கொள்ளலாம். வெயிலில் இரண்டு நாள் தேங்கினால் செத்த எலியையும் கெட்டுப்போன மோரையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கியதுபோல் ஆகிவிடும். துணியில் ஏறும், தலைமுடியில் ஏறும், நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆறு வருடம் அந்த நாற்றத்தோடுதான் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் முதலில் தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள், பிறகு ஜன்னலைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு எழுந்து போய்விடுவார்கள்.

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டில் எனக்கென்று தனிச் சட்டம் இருந்தது. ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விட்டு வந்தால் நேராக உள்ளே வரக்கூடாது. அம்மா கொல்லைப்புறத்தில் தண்ணீரும் தலைக்குத் தேய்க்க ஒரு கிண்ணம் அரப்புத் தூளும் வைத்திருப்பாள். "தலைக்கு ஊத்திக்கிட்டு அப்புறமா உள்ள வா கண்ணு" என்பாள். நான் அரப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து, "இந்த நாத்தத்துக்கு எப்பத்தான் டாக்டர் பட்டம் குடுப்பாங்க?" என்று கேட்பாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். எனக்கும் அது தெரியாது என்பதுதான் எரிச்சல்.

என் ஆராய்ச்சி அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். ஆலைக்குப் பின்னாலுள்ள சேற்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து, அதே தண்ணீரில் விட்டால் தண்ணீர் தெளியுமா என்று பார்ப்பது. தெளிந்தது. ஆனால் ஆய்வேடு முடியவில்லை. உதவித்தொகை நின்றுபோய்விட்டது. பதிவுக்காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்பும் முடியப்போகிற நிலை. அதற்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடச் சேறும் வெறும் சேறாகிவிடும். அப்பா இல்லாத வீடு, அம்மா தையல் மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துப்போனவள். ஆகவே ஒரு கையால் ஆய்வேட்டை எழுதிக்கொண்டு மறு கையால் வேலை தேடினேன்.

இந்த மாதிரி இரண்டையும் ஒன்றாகச் செய்கிறவர்களுக்கு அறிவுரை சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. செல்போனைத் திறந்தால் போதும். குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சொல்வார்: காலையில் முதல் இரண்டு மணி நேரம் ஆய்வேட்டுக்கு, மதியத்துக்குமேல் விண்ணப்பங்களுக்கு, இரண்டையும் கலக்காதீர்கள். கலக்காமல் இருக்க நான் என்ன மளிகைக் கடையா வைத்திருக்கிறேன்? காலையில்தான் ஆலையில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். காலையில்தான் கல்லூரிகள் நேர்முகத் தேர்வுக்கும் கூப்பிடும். தோழி ஒருத்தி ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். செல்போனைத் தொடாமல் வேலை செய்தால் திரையில் ஒரு செடி வளரும், தொட்டால் பட்டுப்போகும். எந்தக் கல்லூரியிலிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அந்தத் திரையில் ஒரு காடே பட்டுப்போனது.

கடைசியில் என் வழியை நானே கண்டுபிடித்தேன். தனியார் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒன்பதரைக்கு வரச் சொல்வார்கள், மதியம் வரை உட்கார வைப்பார்கள். காத்திருக்க வைப்பதுதான் பெரிய இடத்துக்கு அடையாளம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வரவேற்பறையில் கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் பூ, நிறுவனரின் ஆளுயரப் படம், மெத்தென்ற சோபா. மற்ற விண்ணப்பதாரர்கள் சான்றிதழ் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் அளந்துகொண்டிருப்பார்கள். நான் மடிக்கணினியைத் திறந்துவிடுவேன். நான்காம் இயலின் முன்னுரையை ராசிபுரத்துக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் சோபாவில் எழுதினேன். ஆய்வுமுறை முழுவதும் திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு மகளிர் கல்லூரியில். முடிவுகளை எழுதியது ஆத்தூர்ப் பக்கம், மின்விசிறி கூட ஓடாத ஒரு அலுவலக அறையில். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் அந்த சோபாக்களுக்குத்தான் முதல் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளே கூப்பிட்டபின் நடப்பதுதான் குமட்டும். என் பாடத்தில் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். "கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்பார்கள். ஆகவில்லை என்றால், "அப்ப ஆனதும் போயிருவீங்களே" என்பார்கள். "உங்களால எத்தன பசங்களச் சேத்துவுட முடியுமுங்க?" என்பார்கள். பிறகு மிகவும் மரியாதையாக, தேன் தடவின மாதிரி, "நீங்க எந்தப் பக்கமுங்க? தோட்டம் தொறவெல்லாம் இருக்குதுங்களா? எந்தக் கூட்டமுங்க?" என்று வந்து நிற்பார்கள். சாதியைக் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுக் கேட்கிறார்கள். திட்டிக் கேட்டால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த மரியாதைக்கு என்ன பதில் சொல்வது? "அயோத்தியாப்பட்டணமுங்க, தோட்டமெல்லாம் இல்லீங்க" என்பேன். சிரிப்பு பாதியில் நிற்கும். "சரிங்க, சொல்லியனுப்பறோம்" என்பார்கள். யாரும் சொல்லியனுப்பியதில்லை.

இவ்வளவுக்கும் நடுவே நான்காம் இயல் முடிந்தது. முடித்ததை என் கைடிடம் கொடுத்தேன்.

நெறியாளர் என்று எழுதினால் ஏதோ நெறி தெரிந்தவர்போல் ஆகிவிடும், ஆகவே கைடு என்றே எழுதுகிறேன். பெரிய பேராசிரியர். கருத்தரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றி மேசையைத் தட்டிப் பேசுவார். அந்தப் பேச்சுகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பது நான். அவருடைய மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்துவது நான். அவர் வீட்டுக்கு சிலிண்டர் பதிவு செய்வது, அவர் மகளுக்குச் செய்முறை ஏட்டில் படம் வரைந்து கொடுப்பது, எல்லாம் நான். ஒரு முறைகூட அவர் ஆலைக்கு வந்ததில்லை. "நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லும்மா" என்பார். நான் சொல்வேன், அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். துறையில் அவருக்கு முன்னால் உட்காரவும் கூடாது. ஆறு வருடமும் நின்றுகொண்டேதான் பேசினேன்.

நான்காம் இயலில் ஒரு சிக்கல் இருந்தது. ஆலை ஓடுகிற மாதங்களில் எடுத்த தண்ணீரெல்லாம் நான் எதிர்பார்த்தபடி தெளிந்தது. கிழங்கு வரத்து ஓய்ந்த கோடையில் தொட்டியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் மட்டும் தெளியவில்லை. மறுபடி எடுத்தேன், மறுபடியும் தெளியவில்லை. என் கையில் பிசகா, கண்டுபிடிப்பிலேயே பிசகா, அல்லது அதுதான் உண்மையான கண்டுபிடிப்பா? எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வழி காட்டத்தானே அப்படி ஒரு பதவி? நேரில் கேட்டபோதெல்லாம் "எழுதிக் குடும்மா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலப் பக்கத்தின் நடுவில், அட்டவணைக்குக் கீழே, கண்ணில் படவேண்டும் என்று தமிழில், தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'ஐயா, கோடை அளவுகள் ஒத்துப்போகவில்லை. என்ன செய்யலாம்?'

அவர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்படைக்க முடியும். நான் வாரா வாரம் போய் நின்றேன். "பாத்துட்டே இருக்கேம்மா" என்பார். அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் மேசையிலேயே தெரிந்தது. என் நான்காம் இயல் அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் இருந்தது. முதல் பக்கத்தில் வட்டமாக எண்ணெய்க் கறை. அடுத்த வாரம் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம், சாம்பார் நிறத்தில். இப்படியே போனால் என் பதிவு ரத்தாவதற்குள் அவர் அந்தப் பக்கத்தில் ஒரு கோலமே போட்டு முடித்துவிடுவார் என்று தோன்றியது. எனக்கு அழுகை வரவில்லை. வாயில் ஒரு கசப்புத்தான் வந்தது. அதைத் துப்பவும் இடமில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல் போகிற வழியில் இருந்த ஒரு கல்லூரியிலிருந்து அழைத்தார்கள். அதன் சேர்மன் கோழிப்பண்ணையும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேசையில் முருகன் படம், பக்கத்தில் கண்காணிப்புக் கேமராவின் பதினாறு கட்டத் திரை. என்னோடு பேசிக்கொண்டே அதில் பண்ணையையும் வகுப்பறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க. பட்டம் எப்பங்க கைக்கு வரும்?"

"சீக்கிரம் ஒப்படைச்சுருவேன் சார்."

"நல்லதுங்க. பட்டத்தோட வந்தீங்கன்னா வேலை உங்களுக்குத்தானுங்க. அதுக்கு முன்னால ஒரு சின்ன ஒத்தாசை. வார புதங்கெழமை யூனிவர்சிட்டிலருந்து கமிட்டி வருதுங்க. அந்த டிபார்ட்மெண்ட்ல ஆளு பத்தலைங்க. அன்னைக்கு ஒரு நாளைக்கு வந்து சும்மா உக்காந்துட்டுப் போனாப் போதுமுங்க."

எனக்குப் புரிந்தது. இது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஆய்வுக்குழு வருகிற நாளில் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பேராசிரியர் ஆவார்கள், ஒரு கல்லூரியின் நுண்ணோக்கிகள் வேனில் ஏறி இன்னொரு கல்லூரிக்குப் போகும். முழுநேர ஆய்வாளர் வேறு வேலை பார்ப்பதாகத் தெரிந்தால் பதிவையே ரத்து செய்யலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 'பட்டத்தோட வந்தீங்கன்னா வேலை உங்களுக்குத்தான்' என்று அதுவரை எவரும் என்னிடம் சொன்னதில்லை. சரி என்றேன்.

கோடை அளவுகளோடு ஒப்பிடுவதற்காகப் புதன்கிழமை காலையில் ஆலைத் தொட்டியில் தேங்கிக் கிடந்த தண்ணீரை எடுக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் விட்டால் கணக்கு உதைக்கும். எடுத்துக்கொண்டு, ஆலைக் குழாயிலேயே கைகால் கழுவிக்கொண்டு, பிளாஸ்டிக் கேனோடு கல்லூரிக்குப் போய் இறங்கினேன். வாசலில் பூரண கும்பம், மாவிலைத் தோரணம். ஆசிரியைகள் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் புடவை வைத்திருந்தார்கள், எனக்கும் ஒன்று கிடைத்தது. கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டினார்கள். அதில் போட்டிருந்த பணியில் சேர்ந்த வருடத்தின்படி நான் இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோதே அங்கே முதுகலைக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆய்வகத்தில் இருந்த கண்ணாடிக் குடுவைகளில் சேர்மனின் பள்ளிக்கூடத்து முத்திரை ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் ஒருவர் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கேனை ஒரு மூலையில், மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன். இறுக்கி மூடினால் உள்ளே தண்ணீர் பொங்கிக் காற்று அடைத்துக்கொள்ளும் என்பது ஆறு வருடத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. திரும்பி வந்தால் கேன் ஆய்வக மேசையின் நடுவில் இருந்தது. நாற்றம் வருகிறதே என்று யாரோ மூடியை முறுக்கி இறுக்கி, பக்கத்தில் 'ஆராய்ச்சி' என்று ஒரு அட்டையும் எழுதி வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி என்று காட்ட அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. நான் அதை எடுக்கப் போவதற்குள் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. குழு வந்துவிட்டது.

குழுவில் மூன்று பேர். இரண்டாவதாக உள்ளே வந்தவர் என் கைடு.

கழுத்தில் ரோஜா மாலை, நெற்றியில் சந்தனம். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முடிந்தது, இங்கேயே என் பதிவு ரத்து என்று நினைத்தேன். அவர் கண்ணை என் முகத்திலிருந்து எடுத்து, சுவரில் மாட்டியிருந்த தனிம அட்டவணையில் வைத்தார். அப்புறம் அங்கிருந்து எடுக்கவே இல்லை. ஹைட்ரஜனிலிருந்து ஆரம்பித்துப் படிக்கிறவர்போல் நின்றார்.

குழுத் தலைவர் என்னிடம், "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்றார்.

அடையாள அட்டையில் இருந்ததைச் சொன்னேன்.

"ரிசர்ச் ஏதாவது?"

பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறேன் என்றேன். யாரிடம் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்பதற்குள் கேன் வாயைத் திறந்துவிட்டது. மூடி போய் ட்யூப்லைட்டில் அடித்துக் கீழே விழுந்தது. அதற்குப் பின்னாலேயே தண்ணீர் நுரைத்துப் பொங்கி மேசை விரிப்பில் வழிந்தது. நாற்றத்தைப் பற்றித்தான் முதலிலேயே சொல்லியிருக்கிறேனே. சந்தனமும் ரோஜாவும் பன்னீரும் எங்கே போயின என்று தெரியவில்லை. தலைவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். சேர்மன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

என் கைடு மாலையைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டு, "என்னம்மா இது, என்ன நாத்தம் இது?" என்றார்.

நடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஆறு வருடமாக அவர் பெயரில் நடக்கிற ஆராய்ச்சி. மேசையைத் தட்டித் தட்டி அவர் பேசிய பேச்செல்லாம் இதைப் பற்றித்தான். இந்த நாற்றம் எதனுடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சேகோ ஃபேக்டரி கழிவுத் தண்ணிங்க சார்" என்றேன். "அதைத்தான் ஆராய்ச்சி பண்றேன்."

பிறகு தலைவர் பக்கம் திரும்பி, பெரிய மனிதத் தோரணையில், "நல்ல டாபிக்" என்றார்.

மதியம் விருந்து. ஆசிரியைகள்தான் பரிமாற வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் உபசாரம். சந்தகை, ஒப்புட்டு, நாட்டுக்கோழி வறுவல், முட்டையில் மட்டும் நான்கு வகை. நான் வறுவல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் இலைக்கு முன்னால் குனிந்தபோது, "இன்னொரு கரண்டி வைம்மா" என்றார், முன்பின் பார்த்திராத ஒருத்தியிடம் சொல்வதுபோல். வைத்தேன். எலும்பைக் கடித்துக்கொண்டே அந்தத் துறை நன்றாக இருக்கிறது என்று தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது ஆளுக்கொரு கனமான பையைக் காரில் ஏற்றினார்கள். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை. அன்றைக்கு ஆலைத் தண்ணீரையும் தொட்டேன், நாட்டுக்கோழி வாளியையும் தொட்டேன். வீட்டுக்குப் போய் அரப்பைத் தேய்த்தபோது எது எனக்கு அதிகம் குமட்டியது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்.

அடுத்த திங்கட்கிழமை அவரே கூப்பிட்டனுப்பினார். போய் வழக்கம்போல் நின்றேன்.

"உக்காரும்மா" என்றார்.

ஆறு வருடத்தில் முதல் தடவை. உட்கார்ந்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை அவரே தூக்கி நகர்த்தினார். நான்காம் இயலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சான்றிதழ்ப் பக்கங்களை வரிசையாகப் பரப்பி மளமளவென்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. கேட்க அவருக்கும் வாய் இல்லை, சொல்ல எனக்கும் வாய் இல்லை. நான் அங்கே ஆசிரியை இல்லையென்று சொன்னால் குழுவின் அறிக்கையில் அவர் போட்ட கையெழுத்து பொய்யாகிவிடும். நான் அங்கே ஆசிரியைதான் என்றால் என் பதிவு ரத்தாகிவிடும். இருவர் குடுமியும் இருவர் கையில்.

"படிச்சீங்களா சார்?" என்றேன்.

"உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா."

"நாலாவது சாப்டர்ல ஒரு கேள்வி கேட்டு வச்சிருந்தேன் சார்."

"எல்லாம் சரியா இருக்கு. அப்படியே சப்மிட் பண்ணிடு."

மாதக்கணக்கில் நான் நின்று நின்று கேட்ட கையெழுத்து அது. ஒரு காப்பி ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது. என் உழைப்புக்காகக் கிடைக்கவில்லை, ஒரு புதன்கிழமைப் பொய்க்காகக் கிடைத்தது. அந்தத் தாள்களை வாங்கும்போது எனக்குச் சந்தோஷம் வந்தது என்று சொன்னால் பொய். வேண்டாம் என்று மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கோடை அளவுகளை நான் நீக்கவில்லை. ஒத்துப்போகவில்லை என்றே எழுதி, எனக்குத் தோன்றிய காரணத்தையும் எழுதினேன். அந்தத் தமிழ் வரியை எடுக்க வேண்டும். எடுப்பதற்கென்று கோப்பைத் திறந்தேன். கர்சரைக் கொண்டுபோய் அந்த வரியின் கடைசியில் வைத்தேன். 'எல்லாம் சரியா இருக்கு, அப்படியே சப்மிட் பண்ணிடு' என்று என் கைடே சொல்லியிருக்கிறார் அல்லவா? ஆத்திரம்தான், வேறென்ன. அப்படியே விட்டுவிட்டேன். ஆங்கிலக் காட்டுக்கு நடுவே தடித்த தமிழ் எழுத்தில் ஒரு வரி. கண் இருக்கிற எவரும் தடுக்கி விழுவார்கள். விழட்டும். திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் போகட்டும், ஒருவராவது அந்தப் பக்கம் வரை வந்தார் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

வெளியூர்த் தேர்வாளர்கள் இருவருடைய அறிக்கையும் வந்தது. இருவருமே மிகச் சிறந்த ஆய்வு என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ஒருபடி மேலே போய், நான்காம் இயல் குறிப்பாகப் பாராட்டத்தக்கது என்று எழுதியிருந்தார்.

வாய்மொழித் தேர்வும் நடந்தது. வந்திருந்த தேர்வாளருக்கு ஏற்காடு போகும் அவசரம். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "இந்த ஆராய்ச்சியில உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது எது?"

"நாத்தம்ங்க சார்" என்றேன்.

அரங்கமே சிரித்தது. என் கைடுதான் சத்தமாகச் சிரித்தார். நான் டாக்டர் ஆனேன். அம்மா அன்றைக்கும் பழக்கத்தில் கொல்லைப்புறத்தில் அரப்பு வைத்திருந்தாள். நான் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

சேர்மன் சொன்ன சொல் தவறவில்லை, வேலை கொடுத்தார். சித்திரை வெயிலில் தம்மம்பட்டிக்கும் சேந்தமங்கலத்துக்கும் கல்லூரி வேனில் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைச் சேர்த்துவிடச் சொல்லித் துண்டுத்தாள் கொடுக்கிறோம். நாய் துரத்துகிறது, ஓடுகிறோம். அதற்குத்தான் இந்தப் பட்டம் என்று யாராவது ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் ஓடப் பழகியிருப்பேன். ஆய்வுக்குழு வரும்போது நானே மற்றவர்களுக்குப் புடவையும் அடையாள அட்டையும் எடுத்துக் கொடுக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் அம்மா இப்போது மிஷினில் குனிவதில்லை.

போன மாதம் அப்படிச் சேந்தமங்கலத்தில் வேனை விட்டு இறங்கியபோது செல்போன் அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல், கூச்சத்தோடு. என் பழைய கைடிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆய்வாளர், இதே ஊர்ப் பக்கம்தான். கைடு அவளிடம் என் ஆய்வேட்டைக் கொடுத்து, இதை மேற்கொண்டு செய் என்று சொல்லிவிட்டாராம்.

"அக்கா, உங்க தீசிஸ ரெண்டு தடவ முழுசாப் படிச்சனுங்க" என்றாள்.

நான் வேனின் நிழலுக்குப் போய் நின்றேன். என்னோடு வந்தவர்கள் துண்டுத்தாளோடு தெருவுக்குள் போய்விட்டார்கள்.

"நாலாவது சாப்டர்ல டேபிளுக்குக் கீழ நீங்க தமிழ்ல ஒண்ணு கேட்டிருக்கீங்களேக்கா. எனக்கும் அதேதானுங்க. கோடைத் தண்ணி தெளியவே மாட்டேங்குது. மூணு தடவ பாத்துட்டனுங்க. சாரக் கேட்டா எழுதிக் குடுங்கறாரு, எழுதிக் குடுத்தா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறாரு."

படித்திருக்கிறாள். ஒருத்தி வந்து சேர்ந்துவிட்டாள், அந்தப் பக்கம் வரைக்கும்.

"உங்களுக்கு அவரு என்னங்க்கா சொன்னாரு?" என்றாள்.

"நல்ல டாபிக்னு சொன்னாரு" என்றேன்.